கடினம் மட்டும் போதாது: தேய்மானம் தாங்கும் மின்முலாம் கூட்டுப் பூச்சுகள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், வரலாறு என்று எதிர்பார்த்து வருவது நம் வழக்கம். பிளேட்டிங் தொட்டியைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிய உங்கள் துணிவுக்கு முதலில் நன்றி. உண்மையில், கொடைக்கும் மின்முலாமுக்கும் தமிழ்நாட்டில் பழைய உறவு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இந்தியாவில் மின்முலாம் பற்றி நடந்த ஆராய்ச்சியில் பெரும்பங்கு அந்தச் செம்மண் பூமியில் நடந்தது. ஆகவே இன்றைய பொருள் இந்த மேடைக்கு அந்நியமானதல்ல.

எஞ்சின் பாகத்துக்கோ இயந்திர உறுப்புக்கோ தேய்மானம் தாங்கும் பூச்சு வேண்டும் என்று யார் வந்தாலும், பேச்சு ஒரே கேள்வியில் தொடங்குகிறது: "ஹார்ட்னஸ் எவ்வளவு கிடைக்கும்?" கேள்வி தவறல்ல, ஆனால் அது பாதிக் கேள்வி. ஒரு பூச்சு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அதன் கடினம் மட்டும் முடிவு செய்வதில்லை. அது எதன்மீது உராய்கிறது, இடையில் என்ன எண்ணெய் இருக்கிறது, எவ்வளவு சூட்டில் ஓடுகிறது, எந்த எரிபொருளின் புகை அதன்மேல் படுகிறது என்பவையெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. தேய்மானம் தனியொரு பொருளின் குணம் அல்ல. ஓர் அமைப்பின் குணம். நான் இன்று சொல்ல வந்தது இதுதான். இதற்கு, உலோகத்துக்குள் நுண்துகள்களைப் பதித்த கூட்டுப் பூச்சுகளின் வரலாற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தேய்மானத்தின் கணக்கு

1953-இல் ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் தேய்மானத்துக்கு ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். உராயும் பரப்பு இழக்கும் கனஅளவு, சுமைக்கும் உராய்ந்த தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், கடினத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்றார். சூத்திரத்தின் முன்னால் ஒரு கெழுவும் உண்டு. நாம் கடினத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கெழுவை மறந்துவிடுகிறோம். நிக்கல் பூச்சின் கடினத்தை விக்கர்ஸ் அளவில் 200-லிருந்து 1000-ஆக உயர்த்தினால் தேய்மானம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா இல்லையா, எதிர்ப்பரப்பு எந்த உலோகம் என்பதைப் பொறுத்து அந்தக் கெழு ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் மாறிவிடும். ஐந்து மடங்கு லாபத்தைத் தேடிப் போய் ஆயிரம் மடங்கு நட்டத்தைக் கவனிக்காமல் விடுவது நம் தொழிலில் அன்றாடம் நடக்கிறது.

எஞ்சின் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை உச்சிக்கு வந்து, ஒரு கணம் நின்று, திரும்புகிறது. அது வேகமாக ஓடும்போது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் தானாக உருவாகும். நின்று திரும்பும் இடத்தில் அந்தப் படலம் மெலிந்துவிடும். எரிந்த வாயுவின் அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். பழைய எஞ்சினைப் பிரிக்கும் மெக்கானிக் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து "ரிட்ஜ் விழுந்திருக்கு" என்று சொல்வது இந்த இயற்பியலைத்தான். பூச்சுக்கு உண்மையான தேர்வு நடப்பது அந்தச் சில மில்லிமீட்டர் அகலத்தில்தான்.

துகள் எப்படி உள்ளே போகிறது?

நிக்கல் உப்புக் கரைசலில் இரும்புப் பாகத்தை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்தினால் நிக்கல் படியும். இன்றும் பெரும்பாலான பட்டறைகள் பின்பற்றும் கரைசல் ஆலிவர் வாட்ஸ் 1916-இல் வகுத்தது: லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்பேட், கொஞ்சம் நிக்கல் குளோரைடு, அமிலத்தன்மையை நிலையாக வைக்கப் போரிக் அமிலம். கூட்டுப் பூச்சு வேண்டுமென்றால் இதே தொட்டியில், கரையாத நுண்துகளைப் போட்டு, அது அடியில் தங்காமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிக்கல் வளரும்போது துகளும் உள்ளே சிக்கிக்கொள்ளும். கேட்க அவ்வளவுதான்.

இந்த முறையின் பிறப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலின் ஃபிங்க், 1920களில் குரோமியப் பூச்சைத் தொழில்முறையாக்கியவர்களில் முக்கியமானவர். அவரே 1928-இல் பிரின்ஸ் என்பவருடன் சேர்ந்து, செம்புப் பூச்சுக்குள் கிராஃபைட் துகள்களைப் படியவைத்த ஆய்வை வெளியிட்டார். கடினமான குரோமியத்தை நன்றாக அறிந்த மனிதர், கூட்டுப் பூச்சுக்குத் தேர்ந்தெடுத்தது பென்சில் முனையில் இருக்கும் மென்மையான கிராஃபைட்டை! அவர் தேடியது கடினத்தை அல்ல, வழுக்கலை. பூச்சே தனக்கு மசகு தந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். கடினத் துகள்கள் இந்தத் தொழிலுக்குள் பிறகுதான் வந்தன.

துகள் சிக்கிக்கொள்ளும் விதத்தை 1972-இல் குக்லியெல்மி இரண்டு கட்டமாக விளக்கினார். கரைசலில் மிதக்கும் துகளைச் சுற்றி அயனிகள் போர்த்தியிருக்கும். முதலில் அந்தப் போர்வையோடு துகள் பரப்பில் வந்து தளர்வாக ஒட்டும். அடுத்து, மின்புலம் போர்வையை விலக்க, துகள் பரப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் நிக்கல் அதைச் சூழ்ந்து மூடும். இந்த விளக்கம் பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டாலும் அடிப்படை மாறவில்லை.

இதைப் பட்டறைக் கணக்கில் பார்ப்போம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் செலுத்தினால் ஏறத்தாழ 12 மைக்ரான் நிக்கல் படியும். ஃபாரடே விதியிலிருந்து நேராகக் கிடைக்கும் எண் இது. ஐந்து ஆம்பியர் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைக்ரான். அப்படியானால் இரண்டு மைக்ரான் துகள் முழுக்கப் புதையக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் அது அடித்துச் செல்லப்படாமல் அதே இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். துகளைப் பரப்புக்குக் கொண்டுவருவது கலக்கல். அதிகமானால் ஒட்டியதைக் கழுவிக்கொண்டு போவதும் அதே கலக்கல். குறைத்தால் துகள் தொட்டியின் அடியில் தங்கும். கூட்டினால் பூச்சில் நிற்காது. தொட்டியில் எத்தனை கிலோ துகள் கொட்டினோம் என்பது இரண்டாம்பட்சம்.

துகளின் தன்மையும் முக்கியம். மின்சாரம் கடத்தாத அலுமினா போன்ற துகளை நிக்கல் பக்கவாட்டிலிருந்து வளர்ந்து அமைதியாக மூடும். மின்சாரம் கடத்தும் துகள் என்றால் அதன் தலைமேலேயே நிக்கல் படியத் தொடங்கிப் பரப்பு கரடுமுரடாகிவிடும். நானோ அளவுக்குப் போனால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் குடுவையில் வந்த முடிவு ஆயிரம் லிட்டர் தொட்டியில் வராததற்கு இது ஒரு காரணம்.

ஒரு முக்கோணச் சுழலி தந்த பூச்சு

கூட்டுப் பூச்சு ஆய்வேட்டிலிருந்து சாலைக்கு வந்த கதை ஜெர்மனியில் நடந்தது. ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த சுழல் எஞ்சின் 1957-இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் முதல்முறை ஓடியது. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் அதில் இல்லை. முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் சுழலும். சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புப் பட்டைகள் அறைச் சுவரை இடைவிடாமல் உரசிக்கொண்டே போகும். சுவர் அலுமினியம், எண்ணெயோ மிகக் குறைவு. பட்டைகள் அதிர்ந்து சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டன. இதே சிக்கலோடு போராடிய ஜப்பானின் மாஸ்டா பொறியாளர்கள் அந்தத் தழும்புகளைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள்.

இரு நாடுகளும் வெவ்வேறு வழியில் போயின. மாஸ்டா, 1967-இல் வந்த காஸ்மோ காரில், சுவருக்குக் கடினக் குரோமியம் பூசி, அதன்மேல் உரச அலுமினியம் ஊட்டிய கார்பன் பட்டையைப் போட்டது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் அதே 1967-இல் நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகளைப் பதித்த பூச்சை அறிமுகப்படுத்தி, அதற்கு நிக்காசில் என்று வணிகப் பெயரிட்டது. மாஸ்டா எடுத்த முடிவைக் கவனியுங்கள். சுவரை மட்டும் மாற்றி நிறுத்தவில்லை. சுவரையும் பட்டையையும் ஜோடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். குரோமியச் சுவரில் குரோமிய ரிங் ஓட்டக் கூடாது என்பது எஞ்சின் கட்டும் எவரும் அறிந்த விதி. தனித்தனியே இரண்டும் கடினம்; சேர்த்தால் ஒன்றையொன்று பற்றிக் கிழிக்கும்.

சுழல் எஞ்சினுக்கு எதிர்பார்த்த எதிர்காலம் வாய்க்கவில்லை. அதற்காகப் பிறந்த பூச்சு சாதாரண பிஸ்டன் எஞ்சினில் நிலைத்துவிட்டது. போர்ஷே அதை 1970-இல் 917 பந்தயக் காரிலும், பிறகு 1973-ஆம் ஆண்டு 911 கரேரா ஆர்.எஸ். காரிலும் பயன்படுத்தியது. அந்த இரண்டாவது காரின் கணக்கு சுவையானது. முந்தைய எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 84 மி.மீ. சிலிண்டருக்குள் இருந்த கனத்த உள்ளுறையை நீக்கி, மைக்ரான் அளவில் நிற்கும் பூச்சைப் போட்டதால் விட்டத்தை 90 மி.மீ. ஆக்க இடம் கிடைத்தது. ஸ்ட்ரோக் 70.4 மி.மீ. மாறவே இல்லை. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 2341 சி.சி.யாக இருந்த கொள்ளளவு 2687 சி.சி. ஆனது. தேய்மானத்தைத் தடுக்க வந்த பூச்சு, எஞ்சினின் அளவையே வளர்த்துக்கொடுத்தது.

ஏன் உழைக்கிறது?

சிலிக்கான் கார்பைடு நமக்குப் புதிதல்ல. சாணைச் சக்கரத்தின் கார்போரண்டம்தான் அது. கடினம் விக்கர்ஸ் அளவில் 2500-ஐ ஒட்டியது. இந்தப் பூச்சில் அது 4 மைக்ரானுக்கும் குறைந்த துகளாக, எடையில் ஏறத்தாழ 3 சதவீதம் இருக்கும். நிக்கலைவிட அது மிக இலேசானது என்பதால் கனஅளவில் 8 சதவீதம் வரும். மீதமுள்ள 92 சதவீதமும் நிக்கல்தான். அப்படியிருக்க, இந்தப் பூச்சு ஏன் இவ்வளவு உழைக்கிறது?

ஓடத் தொடங்கியதும் மென்மையான நிக்கல் மிகச் சிறிதளவு தேய்ந்து தாழ்கிறது. கடினத் துகள்கள் தலைதூக்கி நிற்கின்றன. ரிங்கின் சுமையைத் துகள்கள் தாங்குகின்றன. தாழ்ந்த இடங்களில் எண்ணெய் தங்குகிறது. இதோடு, பூசிய சிலிண்டரை வைரக் கற்களால் ஹோனிங் செய்து, குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் போடுகிறோம். வழவழவென்று தேய்ந்த அம்மியில் அரைபடாது என்பதால் அதைக் கொத்திக் கொடுப்பார்களே, அதுபோல் முழு வழுவழுப்பு சிலிண்டருக்கும் உதவாது. எண்ணெய் தங்கக் கோடு வேண்டும். ஹோனிங் முடிந்தபின் நிற்கும் பூச்சின் கனம் பெரும்பாலும் நூறு மைக்ரானுக்குள்தான்.

அமெரிக்காவில் இதே கொள்கையை வேறு வழியில் முயன்றார்கள். ஷெவர்லே வேகா காரில், 17 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே சிலிண்டரை வார்த்து, மேற்பரப்பு அலுமினியத்தை அரித்தெடுத்து, சிலிக்கான் மணிகளைத் துருத்தி நிற்கவிட்டார்கள். சிலிண்டருக்குப் பூச்சே இல்லை. ஆனால் அலுமினியத்தின்மேல் அலுமினியம் உரசக் கூடாதே! ஆகவே பிஸ்டனுக்கு மின்முலாம் முறையில் இரும்பு பூசினார்கள். ஒரு பக்கம் பூச்சைத் தவிர்த்தால் மறுபக்கம் பூச வேண்டியிருந்தது.

நிக்கல் கூட்டுப் பூச்சின் இன்னொரு நன்மை வெப்பத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பு உள்ளுறை இல்லாததால், அலுமினியச் சிலிண்டர் வெப்பத்தை வேகமாகக் கடத்தி வெளியேற்றும். பிஸ்டனும் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் இரண்டுக்கும் இடைவெளியைக் குறைத்து வைக்கலாம். புனே அருகே சாக்கனில் தயாராகும் கே.டி.எம். டியூக் பைக்குகளின் சிலிண்டர் இந்தப் பூச்சோடு வருகிறது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு சொல்: பழைய இரும்பு லைனரைப் போல இதை ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடும் வழக்கம் இங்கே செல்லாது. பூச்சு போனால் மீண்டும் பூச வேண்டும். இல்லையேல் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

கந்தகம் கற்பித்தது

இவ்வளவு புகழ் பெற்ற பூச்சு 1990களில் பெரிய அடி வாங்கியது. பி.எம்.டபிள்யூ. 1992-இல் கொண்டுவந்த எம்60 வகை வி-8 எஞ்சினில் சிலிண்டர்களுக்கு நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு. சில ஆண்டுகளில், குறிப்பாக அமெரிக்காவிலிருந்து, புகார்கள் வரத் தொடங்கின: காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஐட்லிங்கில் எஞ்சின் உதறுகிறது, கம்ப்ரஷன் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் சிலிண்டரின் மேற்பகுதியில் பூச்சு அரிக்கப்பட்டிருந்தது.

குற்றவாளி பெட்ரோலில் இருந்த கந்தகம். அப்போது அமெரிக்கப் பெட்ரோலில் கந்தகம் சராசரியாக 300 பிபிஎம் அளவில் இருந்தது. கந்தகம் எரிந்து ஆக்சைடாகி, குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படியும் நீரோடு சேர்ந்து அமிலமாகும். நீண்ட பயணத்தில் எஞ்சின் சூடேறி அந்த ஈரத்தை விரட்டிவிடும். கடைக்குப் போய்த் திரும்பும் குறும்பயணங்களில் ஈரம் போகாது. நிக்கல் அந்த அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. நிக்கல் கரைந்தால், அது பிடித்திருக்கும் துகள் எவ்வளவு கடினமாக இருந்தும் என்ன பயன்? வேர் மண் கரைந்த மரத்தின் வைரம் யாருக்கும் உதவாது.

பி.எம்.டபிள்யூ. அமெரிக்காவில் உத்தரவாதத்தை 6 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டி, எஞ்சின் பிளாக்குகளை மாற்றிக் கொடுத்தது. அடுத்த வி-8 எஞ்சினில் சிலிக்கான் மிகுந்த அலுமினியத்துக்கு மாறியது. 1996-இல் வந்த ஜாகுவார் வி-8 எஞ்சினுக்கும் இதே கதி. அந்நிறுவனம் 2000-இல் இரும்பு லைனருக்குத் திரும்பியது. பூச்சின் கடினத்தில் ஒரு விக்கர்ஸ் எண்கூடக் குறையவில்லை. மாறியது எரிபொருளும் ஓட்டும் பழக்கமும்.

இந்தியாவுக்கு இதில் செய்தி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு நடைமுறையில் இருந்த விதிப்படி நம் பெட்ரோலில் 1000 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. அடுத்தடுத்து வந்த வாகனப் புகை விதிகளில் பி.எஸ்.-2 அதை 500 ஆக்கியது; பி.எஸ்.-3-இல் 150, பி.எஸ்.-4-இல் 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 அமலாகி 10 ஆகிவிட்டது. இந்தப் பூச்சுகளுக்கு நம் சாலையில் இன்று கிடைத்திருக்கும் வாழ்வில் பிளேட்டிங் தொட்டிக்கு உள்ள பங்கு பாதிதான். மறுபாதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு உரியது.

வேலைக்கேற்ற துகள்

ஒரே பூச்சு எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதற்கு மேலும் சில எடுத்துக்காட்டுகளை விரைவாகச் சொல்கிறேன்.

டீசல் எஞ்சினின் மேல் ரிங்குக்குக் குரோமியம் பூசும்போது அதில் நுண்வெடிப்புகள் இயல்பாகவே விழும். ஜெர்மனியின் கோட்சே நிறுவனம் அந்தக் குறையையே வாசலாக்கிக்கொண்டது. குரோமியம் படியவைத்து, மின்னோட்டத்தைத் திருப்பி வெடிப்புகளை அகலமாக்கி, அதில் அலுமினாத் துகள்களை அமரவிட்டு, மறுபடி மின்னோட்டத்தைத் திருப்பிக் குரோமியத்தால் மூடினார்கள். இப்படி அடுக்கடுக்காகக் குரோமிய–பீங்கான் பூச்சு வளர்ந்தது. பின்னர் அலுமினாவின் இடத்தில் வைரத் துகளும் வந்தது.

விமான எஞ்சின்களில் சில நூறு டிகிரி வெப்பத்தில் உரசும் பாகங்களுக்குக் கோபால்ட்டுக்குள் குரோமியம் கார்பைடு பதித்த பூச்சு உண்டு. அந்த வெப்பத்தில் கோபால்ட்டின்மேல் வழவழப்பான ஆக்சைடு மெருகு உருவாகி, அதுவே மசகாகிறது. அறை வெப்பத்தில் அந்த மெருகு பிறக்காது. அங்கே இந்தப் பூச்சைப் போடுவது வீண்செலவு.

டர்பைன் இறக்கையின் நுனியில் கனசதுர போரான் நைட்ரைடு துகள்களை மின்முலாமில் பதிப்பது இன்னும் விசித்திரம். அங்கே பூச்சு தேயாமல் இருக்க வேண்டியதில்லை. எதிரே உள்ள உறையை நுனி வெட்டித் தனக்கு இடம் செய்துகொள்ள வேண்டும். முதல் ஓட்டங்களில் அந்த வேலையை முடித்துவிட்டுத் துகள் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அழிந்தாலும் கவலையில்லை.

மறுமுனையில், நிக்கல்–பாஸ்பரசுக்குள் டெஃப்ளான் துகள் பதித்த பூச்சு. இது மின்சாரமின்றி வேதிமுறையில் படிவது. 1946-இல் பிரென்னரும் ரிடெல்லும் தொடங்கிய வழி. டெஃப்ளான் சேர்ந்தால் பூச்சின் கடினம் குறைகிறது. ஆனால் சுமை குறைந்த வால்வுகளிலும் அச்சுகளிலும் அது நன்றாக உழைக்கிறது. ஃபிங்க் 1928-இல் கண்டது சரிதான் என்பதற்கு இதுவே சான்று.

குரோமியத்தை விட்டு எங்கே போவது?

கூட்டுப் பூச்சுகளை இன்று உலகமே திரும்பிப் பார்க்க இன்னொரு காரணம், கடினக் குரோமியத்துக்கு வந்த நெருக்கடி. குரோமியத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் குரோமியம் படிய உதவுகிறது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகி, அறுஇணைதிறக் குரோமியத்தைப் பனிப்புகையாக மேலே தூக்கிவருகிறது. அது புற்றுநோய் விளைவிக்கும். 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதியின்றிக் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. அறுஇணைதிறக் குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அது பிளேட்டிங் பட்டறை அல்ல. ஆனால் நஞ்சு ஒன்றுதான்.

நிக்கல் கூட்டுப் பூச்சு இதற்கு மாற்றாகலாம். ஆனால் அதைப் பசுமைப் பூச்சு என்று விளம்பரம் செய்வோரை நம்பாதீர்கள். நிக்கல் சேர்மங்களும் புற்றுநோய் விளைவிப்பவை பட்டியலில் இருப்பவையே. தோல் ஒவ்வாமையும் தரும். கழுவிய நீரில் உள்ள நிக்கலைப் படியவைத்துப் பிரிக்காமல் சாக்கடையில் விடுபவருக்குக் குரோமியத்தைக் குறை சொல்ல உரிமை இல்லை.

பட்டறைக்கும் மாணவருக்கும்

கூட்டுப் பூச்சு தோற்கும் இடங்களில் பல துகளுக்குச் சம்பந்தமே இல்லாதவை. அலுமினியத்தின்மேல் காற்று பட்ட கணமே ஆக்சைடு தோல் படரும். ஜிங்கேட் கரைசலில் முக்கி அந்தத் தோலை நீக்கித் துத்தநாகப் படலம் இடாமல் பூசினால் பூச்சு உரிந்துவரும். கூர்முனைகளில் மின்னோட்டம் குவிந்து பூச்சு தடிக்கும், உள்மூலைகளில் மெலியும். கிடைமட்டப் பரப்பில் துகள் படிந்து சொரசொரப்பாகும். பூச்சின் உள்தகைவைக் குறைக்க நாம் சேர்க்கும் சாக்கரின் கந்தகத்தைக் கொண்டுவருகிறது. அந்தப் பாகம் பிறகு அதிகச் சூட்டில் ஓடினால் நிக்கல் நொறுங்கும் தன்மை பெறும். சூட்டில் ஓடும் பாகமா என்று கேட்காமல் சாக்கரின் சேர்ப்பவர், வாடிக்கையாளரின் எஞ்சினில் வெடியை வைத்து அனுப்புகிறார்.

ஆகவே தொழில்முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் எடுக்கும் படிவத்தில் கனம், கடினம் என்ற இரண்டு கட்டங்களோடு நிற்காதீர்கள். எதிர்ப்பரப்பு எது, எண்ணெய் எது, வேலை செய்யும் வெப்பம் எவ்வளவு, அமிலமோ ஈரமோ படுமா என்ற நான்கு கேள்விகளைச் சேருங்கள். பதில் தெரியாத வாடிக்கையாளரிடம் கேட்டுத் தெரிந்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பாருங்கள். துகள் சீராகப் பரவியிருக்கிறதா, அடித்தளத்தோடு பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று எழுதி வையுங்கள். அந்தப் பதிவேடு எந்த ஹார்ட்னஸ் சான்றிதழையும்விட மதிப்புள்ளது.

மாணவர்களுக்கும் ஒன்று. புதிய நானோ துகளைப் போட்டுக் கடினம் கூடியது என்று முடிக்கும் ஆய்வேடுகள் போதுமான அளவு குவிந்துவிட்டன. நீங்கள் உருவாக்கும் பூச்சை உண்மையான ரிங்கோடு, உண்மையான எண்ணெயில், உச்சியில் நின்று திரும்பும் அந்த அசைவில் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு சொட்டு அமிலம் விட்டு மறுபடி ஓட்டுங்கள். அதிலும் நின்றால் அதைப் பற்றி எழுதுங்கள். பல கோடி செலவழித்த நிறுவனங்கள் காலம் கடந்து கற்ற பாடம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.